முதலில் வரைபடம், பிறகு நில எடுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் புதுத் திட்டம் ஒன்று வரும்போதெல்லாம் யானை வேண்டுமா, வேலை வேண்டுமா என்று ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடுகிறது. இரு தரப்பும் பேசி முடிப்பதற்குள் நிலம் கைமாறி, கல் நட்டு, கம்பியும் கட்டியிருப்பார்கள். 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்ட 2,000 ஏக்கர் விமான நிலையம், சிப்காட் (மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனம்) விரிவாக்கங்கள், பெங்களூருவைச் சுற்றி வரும் துணைநகர வட்டச்சாலையின் தமிழகப் பகுதி என்று கிருஷ்ணகிரி மாவட்டத்து நிலம் அடுத்த சில ஆண்டுகளில் மாறத்தான் போகிறது. பக்கத்துத் தருமபுரியிலும் தடங்கம், அதியமான்கோட்டைப் பக்கம் சிப்காட் வந்துகொண்டிருக்கிறது. வளர்ச்சி வேண்டாம் என்று நாங்கள் எழுதவில்லை. வேலைகள் நடக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது, அதை நிமிர்த்த வழியும் இருக்கிறது என்பதே எங்கள் கருத்து.

இப்போதைய வரிசையைப் பாருங்கள். முதலில் இடம் முடிவாகிறது. தொழிற்பூங்கா என்றால் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின்படி நிலம் எடுக்கப்படுகிறது. அதன் பிறகுதான் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வருகிறது: ஆய்வு வரம்பு, களத்தகவல், வரைவு அறிக்கை, 30 நாள் முன்னறிவிப்போடு ஆட்சியர் தலைமையில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு, நிபுணர் குழுவின் பரிசீலனை. அந்த அறிக்கையில் 'மாற்று இடங்களின் ஆய்வு' என்று ஓர் அத்தியாயம் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் நிலம் எடுத்து முடித்தபின் எழுதப்படும் மாற்று இட ஆய்வில் என்ன இருக்கும்? இந்த இடமே சிறந்தது என்றுதான் இருக்கும். தாலி கட்டியாகிவிட்டது, இனி ஜாதகம் பார்க்கிறார்கள்.

திட்டப் பகுதியிலோ அதைச் சுற்றிய 10 கி.மீ. ஆய்வு வட்டத்திலோ 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், உள்ள விலங்கு இருந்தால், அதற்கென ஒரு பாதுகாப்புத் திட்டம் தயாரித்து, தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. நம் மாவட்டங்களில் ஏறக்குறைய எல்லாக் காட்டோரத் திட்டத்துக்கும் இது பொருந்தும். யானை, கரடி, சிறுத்தை, நாற்கொம்பு மான், அழுங்கு (எறும்புத்தின்னி) என்று பட்டியல் நீளம். எண்ணம் நல்லதுதான். ஆனால் வரும் ஆவணங்களைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே அச்சு: மரக்கன்று நடுதல், தண்ணீர்த் தொட்டி, பள்ளி மாணவர்களுக்கு விழிப்புணர்வு, அறிவிப்புப் பலகை, வனத்துறைக்கு ஒரு டார்ச் லைட் செட். ஐந்தாண்டுக்குச் சில லட்சம் ரூபாய். பக்கத்து நிலத்தில் வரும் அடுத்த திட்டத்துக்கும் இதே ஆவணம்தான், பெயரும் சர்வே எண்ணும் மட்டும் மாறியிருக்கும். பத்துத் திட்டம் வந்தால் பத்துத் தண்ணீர்த் தொட்டி வரும். யானை நடக்கும் வழி மட்டும் எந்த ஆவணத்திலும் வராது, ஏனென்றால் அது எந்த ஒரு திட்டத்தின் எல்லைக்குள்ளும் முழுதாக அடங்குவதில்லை.

இன்னொரு குறை பருவம். களத்தகவல் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில், மூன்று மாதம் எடுத்தால் போதும் என்பது நடைமுறை. பலரும் மார்ச் முதல் மே வரை எடுக்கிறார்கள். யானைகளோ ராகி கதிர்விடும் அக்டோபர், நவம்பரில் பன்னேருகட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாக இறங்கி, அறுவடை முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் திரும்புகின்றன. ஏப்ரலில் போய்ப் பார்த்தவர் 'யானை நடமாட்டத் தடயம் இல்லை' என்று எழுதினால் அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. தவளை, ஆமை, புல்வெளிப் பறவைகளுக்கும் இதே கதிதான். கோடையில் எடுத்த கணக்கில் அவற்றுக்கு இடமே இருக்காது.

கல்குவாரிகளில் வேறொரு ஓட்டை. 5 ஹெக்டேருக்குள் இருக்கும் சிறு கனிமக் குத்தகைகளுக்கு மதிப்பீடு எளிது. குத்தகைகள் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருந்தால் கொத்தாக, அதாவது ஒன்றாகச் சேர்த்து, எண்ண வேண்டும் என்று அந்த 2006 அறிவிக்கையின் 2016 திருத்தம் சொல்கிறது. 510 மீட்டரில் ஒன்று, அதற்கடுத்து 520 மீட்டரில் ஒன்று என்று குன்று முழுவதும் தனித்தனிக் குத்தகைகள் அமைந்தால் கொத்து என்ற கணக்கே எழாது. 2021 நவம்பரில் சரணாலயங்களுக்கும் காப்புக்காடுகளுக்கும் 1 கி.மீ. சுற்றளவில் குவாரி கூடாது என்று மாநில விதி திருத்தப்பட்டது. 2022 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து காப்புக்காடுகள் நீக்கப்பட்டன. ஓசூர் வனக்கோட்டத்தில் யானை கால் வைக்கும் துண்டுக்காடுகள் பலவும் வெறும் காப்புக்காடுகளே. கிரானைட் மாவட்டமான நமக்கு அந்த ஒரு சொல் நீங்கியது பெரிய மாற்றம்.

நில அமைப்பைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் சுமார் 504 சதுர கி.மீ.; 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு சுமார் 686 சதுர கி.மீ. இரண்டும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பரந்து, கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடு ஒட்டி நிற்கின்றன. தெற்கே அஞ்செட்டி, உரிகம், ஒகேனக்கல் பக்கம் காடு தொடர்ச்சியாக இருப்பதால் அங்கே பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் வடக்கிலும் கிழக்கிலும்தான். ஜவளகிரி, நொகனூர், ஊடேதுர்கம், சானமாவு, செட்டிப்பள்ளி என்று காப்புக்காடுகள் தீவு தீவாகக் கிடக்கின்றன. ஒரு தீவிலிருந்து அடுத்ததற்கு யானை போவது பட்டா நிலத்தில், ஏரிக்கரையில், ஓடைப் புறம்போக்கில், ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களுக்கு நடுவே. 1980களில் ஓசூர்ப் பக்கத்து யானைகள் கிழக்கே நடந்துபோய் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டக் காடுகளில் தங்கிவிட்டன. அவற்றுக்காகவே அங்கு கௌண்டின்யா சரணாலயம் வந்தது. வழி அடைபட்டால் யானை நின்றுவிடுவதில்லை, புது ஊருக்குள் நுழைகிறது. ஒரு கிராமம் தன் எல்லையில் போட்ட வேலிக்கான விலையை அடுத்த கிராமம் கொடுக்கிறது.

ஆகவே வருவாய் வட்டம் (தாலுகா) முழுவதற்கும் ஒரே பாதுகாப்புத் திட்டம், அதுவும் நில எடுப்பு அறிவிக்கைக்கு முன்பே வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் முழுமைத் திட்டத்துக்குள் (மாஸ்டர் பிளான்) நில உபயோக வகையாகவே இதைச் சேர்க்கலாம்.

வரைபடம் எப்படி வர வேண்டும் என்பதில்தான் பாதி வெற்றி. செயற்கைக்கோள் படத்தின் மேல் பச்சைக் கோடு போட்டு 'வழித்தடம்' என்று எழுதினால் ஊரில் கலவரம்தான் வரும். 2024இல் மாநிலக் குழு 42 யானை வழித்தடங்களைப் பட்டியலிட்டு வரைவு வெளியிட்டபோது கூடலூர்ப் பக்கம் எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். தன் வீடு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒருவனுக்குத் தெரியாவிட்டால் அவன் எதிர்க்கத்தான் செய்வான். கிராம வரைபடம், புல எண், உட்பிரிவு, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) இவற்றின் மேல்தான் வரைய வேண்டும், அதுவும் தமிழில்.

தகவலுக்கும் பஞ்சமில்லை. பயிர்ச்சேத இழப்பீட்டு மனுக்கள் வனச்சரக அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் சர்வே எண், தேதி, பயிர் இருக்கும். ஐந்தாண்டு மனுக்களைச் சர்வே எண் வாரியாக வரைபடத்தில் புள்ளி வைத்தாலே யானை எந்த மாதம் எந்த ஓடை வழியே வந்தது என்பது துலங்கிவிடும். அதன் மேல் வேட்டைத் தடுப்புக் காவலர்களின் ரோந்துப் பதிவு, அக்டோபர் முதல் மார்ச் வரை வைத்த கேமராக்களின் படங்கள், சாலையில் அடிபட்ட விலங்குகளின் கணக்கு, மின்சாரம் தாக்கி இறந்த இடங்கள். ஒரு எச்சரிக்கை: சேத மனு இல்லாத இடத்தில் யானை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பட்டா இல்லாதவர், குத்தகைக்கு உழுபவர் மனுவே கொடுப்பதில்லை. அந்த இடங்களில் நேரில் போய்க் கேட்டால்தான் தெரியும். தரிசு என்று வருவாய்ப் பதிவேடு சொல்லும் புதர்க்காட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். நாற்கொம்பு மானுக்கும் அழுங்குக்கும் அதுதான் வீடு. 'ஒன்றுக்கும் ஆகாத தரிசு, தொழிற்சாலைக்கு ஏற்றது' என்ற வாக்கியத்தில் இரண்டாவது பாதி சரியாக இருக்கலாம், முதல் பாதி பெரும்பாலும் தவறு.

இந்த வரைபடத்தில் மூன்று நிறம் போதும். தொழில், மனை, குவாரித் திட்டங்கள் தொடவே கூடாத இடம்: காப்புக்காடுகளை இணைக்கும் குறுகிய கழுத்துப் பகுதிகள், ஓடைகள், ஏரிகள். நிபந்தனையோடு கட்டக்கூடிய இடம். தாராளமாகக் கட்டலாம் என்ற இடம். மூன்றாவது நிறத்தில்தான் அரசு முதலீட்டாளரை அழைத்துப் போக வேண்டும். அங்கு அனுமதியும் விரைவாகக் கிடைக்க வேண்டும். தொழில் நடத்துபவர்களுக்கு இதில் லாபமே. நிலம் வாங்கியபின் வழக்கு, தடை, கூடுதல் நிபந்தனை என்று மூன்றாண்டு இழுபடுவதைவிட, எது கூடாது என்று முதல் நாளே தெரிவது மேல்.

இப்போது இரண்டாவது நிறத்தின் நிபந்தனைகள். இதில் பெரும்பாலானவை ஏற்கெனவே செலவாகும் பணத்தையும் ஏற்கெனவே விடப்படும் நிலத்தையும் இடம் மாற்றி வைப்பதுதான் என்பதைக் கணக்கோடு காட்ட விரும்புகிறோம்.

தொழில் திட்டங்களில் 33 விழுக்காடு பசுமை வளையம் விட வேண்டும் என்பது நெடுநாள் வழக்கத்தில் இருந்த நிபந்தனை. அந்தக் கணக்கில் 1,000 ஏக்கர் தொழிற்பூங்கா என்றால் 330 ஏக்கர். வழக்கமாக அது மதிலோரம் ஐந்து மீட்டர், சாலை நடுவே இரண்டு மீட்டர், கேன்டீன் பக்கம் ஒரு புல்தரை என்று சிதறிப்போகிறது. ஆயிரம் ஏக்கர் என்பது ஏறத்தாழ இரண்டு கி.மீ. நீளம், இரண்டு கி.மீ. அகலம். அதன் காட்டுப்பக்க எல்லையில் 330 ஏக்கரையும் ஒன்றாகப் போட்டால் 2 கி.மீ. நீளத்துக்குச் சுமார் 667 மீட்டர் அகலப் பட்டை கிடைக்கும். தூசு, சத்தத்துக்காகப் பாதியை உள்ளே வைத்துக்கொண்டாலும் 330 மீட்டருக்குமேல் அகலம் மிஞ்சும். இரவில் ஒரு யானைக் கூட்டம் சத்தமில்லாமல் கடக்க அது போதும். ஒரு ரூபாய் கூடுதல் நிலச்செலவு இல்லை. தேவை ஒன்றுதான்: மனை வரைபடம் போடும் பொறியாளர் மேசையில் அந்த மூன்று நிற வரைபடம் இருக்க வேண்டும்.

அந்தப் பட்டையில் என்ன நடுவது? பல இடங்களில் நடாமல் விடுவதே சரி. இருக்கும் புதரைப் பொக்லைன் வைத்து வழித்துவிட்டு வரிசை வரிசையாகக் கன்று நட்டால் படத்துக்கு அழகாக இருக்கும், விலங்குக்குப் பயனில்லை. உண்ணிச்செடியையும் (லேண்டானா) சீமைக் கருவேலத்தையும் மட்டும் வேரோடு எடுக்க வேண்டும். உண்ணிச்செடியை மேலே வெட்டினால் அடுத்த மழையில் இரண்டு மடங்காக வரும். வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும், மூன்று ஆண்டு தொடர்ந்து நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். பலாவும் வாழையும் மூங்கிலும் தொழிலாளர் குடியிருப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். அது யானையை வீட்டுக்கு அழைப்பது.

மனைப்பிரிவுகளுக்கு வருவோம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறவிடமாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு 30 விழுக்காடு போனால் இது சுமார் 70 சென்ட். வழக்கமாக விற்காத மூலையில் ஒரு சதுரமாக ஒதுக்கி, இரண்டு சிமென்ட் பெஞ்ச் போடுவார்கள். அதையே ஓடைக்கரையில் நீளவாக்கில் விட்டால், 200 மீட்டர் பக்கத்துக்கு 14 மீட்டர் அகலம் வரும். ஓடையின் மறுகரை மனைப்பிரிவும் அப்படியே விட்டால் 28 மீட்டர், நடுவில் ஓடை. யானைக்கு இது போதாது. ஆனால் நரி, புனுகு பூனை, கீரி, உடும்பு, முயல் எல்லாவற்றுக்கும் இதுவே நெடுஞ்சாலை. வெள்ளம் வந்தால் மனை வாங்கியவர் வீட்டுக்குள் தண்ணீர் புகாது என்பது கூடுதல் லாபம். நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் ஒப்புதலாகும்போது ஒரு வரி நிபந்தனை சேர்த்தால் முடிந்தது. மனைப்பிரிவு ஒவ்வொன்றாக வரும்போது இதைச் செய்ய முடியாது; அடுத்தவர் எங்கே விடப்போகிறார் என்று யாருக்கும் தெரியாது. வட்ட அளவிலான வரைபடத்தின் பயன் இங்கேதான்.

மதில்கள். காட்டுப்பக்க மதில் நேர்கோடாக ஓடி திடீரென்று முடிந்தால், யானை மதிலோரமாகவே நடந்து அது முடியும் இடத்தில் ஊருக்குள் இறங்கும். எந்த மதிலும் எங்கே முடிகிறது என்பதைக் கேட்காமல் ஒப்புதல் தரக்கூடாது. உயரக் கம்பத்து விளக்குகள் காட்டை நோக்கி எரியக்கூடாது. மூடியிட்டு, தரை நோக்கி, மஞ்சள் ஒளி. குப்பை இரவு தங்கக் கூடாது. கேன்டீன் எச்சிலுக்குத் தெருநாயும் பன்றியும் வரும், அவற்றின் பின்னால் சிறுத்தை வரும், அதன் பின்னால் தொலைக்காட்சிக் கேமரா வரும்.

மின்கம்பிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், நம் இரு மாவட்டங்களின் துயரம் அதில் இருக்கிறது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. அதே மாதம் கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரை ஏறிய யானை மேலே போன மின்கம்பியில் பட்டு இறந்தது. இரண்டாவது சம்பவத்தில் யார் மேலும் கெட்ட எண்ணம் சொல்ல முடியாது. சாலை அல்லாத இடத்தில் 11 கே.வி. வெற்றுக் கம்பிக்குத் தரையிலிருந்து 4.6 மீட்டர் இருந்தால் போதும் என்பது பழைய விதி. தும்பிக்கையைத் தூக்கினால் யானைக்கு அது எட்டும் உயரம். சமதரையில் சரியாக இருக்கும் கம்பி ஏரிக்கரை மேல் போகும்போது கரையின் உயரம் அளவு தாழ்ந்துவிடுகிறது என்பதைக் கம்பம் நடும்போது யாரும் பார்ப்பதில்லை. வரைபடத்தில் யானை வழி குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் உயரமான கம்பம், இரண்டு கம்பத்துக்கு நடுவே ஓர் இடைக்கம்பம், அல்லது உறையிட்ட கம்பி. புதிதாக வரும் துணைமின் நிலையங்களின் திட்டச் செலவில் இது மிகச் சிறிய தொகை. கம்பம் நட்டு முடித்தபின் மாற்றுவதுதான் பெருஞ்செலவு.

வேலி பற்றி விவசாயிகளுக்கு ஒன்று. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் தொடர்ச்சியாகப் பாய்வதால் தசை இறுகி, தொட்ட உயிர் விடுபட முடியாது, அதனால்தான் கொல்கிறது. தரச் சான்று பெற்ற சோலார் வேலிக் கருவி ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தாலும், வினாடிக்கு ஒருமுறை, நூறில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவாகத் தட்டிவிட்டு ஓய்கிறது. விலங்குக்கு அதிர்ச்சி மட்டும், உயிர் போகாது. 2023இல் வந்த தமிழ்நாடு மின்வேலிகள் விதிகளின்படி இந்த வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும், காப்புக்காட்டுக்கு அருகே வனத்துறை அனுமதியும் வேண்டும். சோலார் வேலி தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் புல்தான். கம்பியைத் தொடும் ஈரப்புல் மின்னோட்டத்தைத் தரைக்கு இழுத்துவிடும். அழுத்தம் 5,000 வோல்ட்டுக்குக் கீழே போனால் யானை கண்டுகொள்ளாது. வறண்ட மண்ணில் ஒரே ஒரு எர்த் கம்பி போட்டால் அதிர்ச்சியே இருக்காது, குறைந்தது மூன்று கம்பிகளாவது வேண்டும், ஆழமாக. யானைப் பள்ளமும் அப்படித்தான்: மூன்று மீட்டர் ஆழம், மேலே மூன்று மீட்டர் அகலம் என்று வெட்டிவிட்டு, ஓடை குறுக்கிடும் இடத்தை அப்படியே விட்டால் மற்ற பள்ளமெல்லாம் வீண். முதல் மழையிலேயே கரை சரிந்து அங்கே சறுக்குப் பாதை வந்துவிடும். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை எல்லைகளில் வனத்துறை போட்ட இரும்புக் கயிற்று வேலி இவற்றைவிட உறுதியானது. ஆனால் எங்கே மூடுவது, எங்கே திறந்து விடுவது என்று தீர்மானிக்காமல் எந்த வேலியைப் போட்டாலும் தொல்லை இடம் மாறும், அவ்வளவே.

கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு இன்னொன்று. 2020 நவம்பரில் பஞ்சப்பள்ளிப் பக்கம் கிணற்றில் விழுந்த யானையை மீட்க ஒரு நாள் பொழுது போனது. காட்டோரக் கிணறுகளுக்குச் சுவர் கட்டும் பணியை ஊரக வேலைத் திட்டத்திலேயே சேர்க்கலாம்.

சாலைகள். நாக்பூர் பக்கம் பெஞ்ச் புலிகள் காப்பகத்தைக் கடக்கும் நெடுஞ்சாலையில் விலங்குகளுக்கென ஒன்பது கீழ்வழிகள் கட்டியிருக்கிறார்கள், மிக நீளமானது 750 மீட்டர். அது எந்தச் சாலை தெரியுமா? பேரண்டப்பள்ளி, சானமாவு வழியாக நம் மாவட்டத்தில் போகும் அதே தேசிய நெடுஞ்சாலை 44தான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்ற கேள்விக்குப் பதில், அங்கே சாலை அகலப்படுத்துவதற்கு முன் கேட்டார்கள் என்பதே. யானைக்கான கீழ்வழி குறைந்தது ஆறு முதல் எட்டு மீட்டர் உயரம், எதிர்ப்பக்கக் காடு கண்ணுக்குத் தெரியும் அகலம், கான்கிரீட் இல்லாத மண் தரை, இரு பக்கமும் அதை நோக்கிக் கூட்டிவரும் வேலி என்று இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் பெட்டிப் பாலத்தைக் காட்டி 'வன உயிரினப் பாதை' என்று எழுதுவது கேலிக்கூத்து. நன்றாகக் கட்டிய கீழ்வழியும் தோற்கும், அதன் அடியில் ஒரு டீக்கடையும் நான்கு லாரிகளும் வந்து நின்றால். கட்டியவரைவிடக் காப்பவருக்குத்தான் இதில் வேலை அதிகம். ராயக்கோட்டை, மாரண்டஅள்ளி வழியாகப் போகும் ரயில் பாதைக்கும் இதே கணக்கு.

காவிரிப் பக்கம் பிரச்சினை வேறு: நீர்நாய், முதலை, லீத் மென்னோட்டு ஆமை, 2018இல் மிக ஆபத்தான நிலையில் உள்ளதாக உலகப் பட்டியலில் சேர்ந்த காவிரியின் கூன்முதுகு மகசீர் மீன். ஒகேனக்கல் சுற்றுலாக் கட்டுமானங்களுக்கு மணல் திட்டு, ஆழ மடு, கரைமரங்கள் இவை மூன்றையும் தனியாகக் குறித்தால் போதும். கரையில் மருதும் நாவலும் வெட்டுப்பட்டால் நரை அணில் மரம் விட்டு மரம் தாவும் வழி அறுந்துவிடும்.

பணம் எங்கே என்பார்கள். இதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் உண்டு. அங்குள்ள அருகிவரும் உயிரினச் சட்டத்தில் 1982இல் ஒரு திருத்தம் வந்தது. நிலத்தில் கட்டுபவர் ஒரு வாழிடப் பாதுகாப்புத் திட்டம் தர வேண்டும். அதில் என்ன சேதம் வரும், அதை எப்படிக் குறைப்பார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும், வேறு என்ன வழிகளை யோசித்தார், அவற்றை ஏன் விட்டார் என்ற நான்கும் அனுமதிக்கு இருந்தாக வேண்டும். முதல் அனுமதி 1983இல் சான் பிரான்சிஸ்கோ அருகே சான் புரூனோ மலைக்கு, ஒரு சிறு நீல வண்ணத்துப்பூச்சிக்காக. மலையின் பெரும்பகுதி பூங்காவாக நின்றது, ஓரங்களில் வீடுகள் வந்தன, வீட்டுக்காரர்கள் ஆண்டுதோறும் ஒரு கட்டணம் கட்டினார்கள். நல்ல ஏற்பாடு. சறுக்கியது எங்கே என்றால், கட்டணத்தைச் சிறிதாக வைத்ததில். புல்வெளியை மூடும் களைப்புதரை அடக்க அந்தப் பணம் பற்றவில்லை. நிலம் காப்பாற்றப்பட்டது, பூச்சிக்கு வேண்டிய செடி சுருங்கியது. நம் உண்ணிச்செடி கதைதான்.

ஆகவே கணக்கைத் தொடக்கத்திலேயே போட வேண்டும். உதாரணத்துக்கு, இரண்டாவது நிற நிலத்தில் கட்டுபவரிடம் ஏக்கருக்கு 25,000 ரூபாய் ஒருமுறை வாங்கினால் 2,000 ஏக்கருக்கு 5 கோடி. அதைச் செலவழிக்காமல் வைப்பில் போட்டு 7 விழுக்காடு வட்டி வந்தால் ஆண்டுக்கு 35 லட்சம். மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் உள்ளூர் இளைஞர்கள் பத்துப் பேரைக் காவலர்களாக வைக்க 18 லட்சம். மீதி 17 லட்சம் களை எடுக்கவும் வேலி பராமரிக்கவும். இப்போது ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாகக் காட்டும் 'சில லட்சம்' ஐந்தாண்டில் கரைந்துவிடுகிறது. யானை ஆறாவது ஆண்டும் வரும்.

கடைசியாக, காட்டோர விவசாயி. வரைபடத்தில் அவர் நிலம் முதல் நிறத்தில் விழுந்தால் மனை விலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. அவர் நிலத்தில் உழுவதற்கும், கிணறு வெட்டுவதற்கும், வீடு கட்டுவதற்கும் தடையில்லை என்பதைப் பட்டாவோடு இணைத்த ஆணையாகவே தர வேண்டும். பின்னால் புதுக் கட்டுப்பாடு வராது என்ற உறுதியும் அதில் இருக்க வேண்டும். அமெரிக்கத் திட்டங்களில் நில உரிமையாளர்கள் இணைந்ததற்கு 1998இல் விதியாகவே வந்த அந்த உறுதிமொழி ஒரு முக்கியக் காரணம். நிலத்தை விற்க விரும்பினால் அரசு வழிகாட்டி மதிப்புக்குக் குறையாமல் வாங்க அந்த வைப்பு நிதிக்கு முதல் உரிமை. விற்காதவருக்கு, ராகிக் காலத்தில் வழியைத் திறந்து விடுவதற்கு ஏக்கருக்கு ஆண்டுத் தொகை. இழப்பீட்டு மனுவைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட இது கௌரவமானது. காட்டோரக் கிராமங்கள் தாமே முன்வந்தால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2002 திருத்தத்தில் வந்த சமுதாயக் காப்பகம் (ஊராரே முன்வந்து காக்கும் நிலம்) என்ற வழியும் திறந்திருக்கிறது.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் வனத்துறை, நகர் ஊரமைப்பு, சிப்காட், மின்வாரியம், நெடுஞ்சாலை, கனிமவளத் துறைகளும் காட்டோர ஊராட்சித் தலைவர்களும் உட்கார்ந்தால் தேன்கனிக்கோட்டை, ஓசூர், சூளகிரி மூன்று வட்டங்களுக்கும் முதல் வரைவை ஓராண்டில் முடிக்கலாம். ஓராண்டு என்று சொல்வது ஓர் அக்டோபரும் ஒரு மார்ச்சும் அதற்குள் வர வேண்டும் என்பதற்காக. வரைவு முடிந்ததும் சர்வே எண் பட்டியலை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள். ஆட்சேபணை கேட்டு, கிராம சபையில் படித்து, திருத்தி, பிறகு முழுமைத் திட்டத்தில் சேருங்கள். அதுவரை அந்தக் கழுத்துப் பகுதிகளில் மட்டும் புதிய நில எடுப்பு அறிவிக்கையையும் குவாரிக் குத்தகையையும் நிறுத்தி வைக்குமாறு ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நில அளவையும் வன உயிரினக் கணக்கெடுப்பும் தொழிலாகக் கொண்ட வாசகர்கள் சிலர்,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.